மாலை ஆறரை மணிக்கு வரும் குரல்கள்

மாலை ஆறரை மணி. வாசலில் விளக்கேற்றியாயிற்று. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருக்கும். பெரியவன் கூடத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பான். சின்னவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சிணுங்குவாள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்காரர் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"என்னங்க, பாப்பாவைக் கொஞ்சம் வச்சுக்கக் கூடாதா?"

"அரை மணி நேரம்தாம்மா. மதுரை வந்திருக்கு!"

மதுரை வந்திருக்கிறதாம்! திருச்சியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிக்கு மதுரை எப்படி வரும்? 1974-இல் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மாடியில் மர அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் செந்தணலாக எரியும் வால்வுகள். எதிரே ஒரு மைக். அதன் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பேசும் கணவர்! என் மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் பிறந்த வீட்டுல போய் இவன் சுவரோட பேசறான்னு சொல்லிடாதேம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பெயர் ஹாம் ரேடியோ என்று.

பொழுதுபோக்குக்கு ஒரு வானொலி நிலையம்

அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் வாங்கி, சொந்த வீட்டிலேயே சின்னதாக ஒரு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற மற்றவர்களோடு பேசுகிறவர்கள்தாம் ஹாம்கள். நம் நாட்டில் இது 1921-லேயே கல்கத்தாவில் தொடங்கிவிட்டது. அமரேந்திர சந்திர குப்தா என்பவரே முதல் ஆள் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஓர் அழைப்புப் பெயர் தரும். நம் நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துக்களில் தொடங்கும்.

இதில் காசு சம்பாதிக்க முடியாது. வியாபாரம் பேசக்கூடாது. அரசியல் கூடாது. பாட்டுப் போடக்கூடாது. பின்னே என்னதான் பேசுவார்கள்?

நானும் அதைத்தான் கேட்டேன். ஒருநாள் கதவருகில் நின்று காது கொடுத்தேன். "குட் ஈவினிங் ஓ.எம்.!" என்று ஆரம்பித்தார். ஓ.எம். என்றால் 'ஓல்டு மேன்'. இருபது வயதுப் பையனாக இருந்தாலும் ஹாம்களுக்கு அவன் கிழவன்தான்! பெண் ஹாம் என்றால் 'ஒய்.எல்.', அதாவது இளம் பெண். எண்பது வயதுப் பாட்டியும் அவர்களுக்கு ஒய்.எல்.! (இந்த ஒரு விஷயத்தில் ஹாம்களை எனக்கு உடனே பிடித்துவிட்டது.) விடைபெறும்போது '73' என்பார்கள். 'நல்வாழ்த்துக்கள்' என்று அதற்கு அர்த்தம். '88' என்றும் ஓர் எண் உண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அது... அன்பும் முத்தமும்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இருந்தாலும் கோபம் போகவில்லை. பகலெல்லாம் வேலை, மாலையெல்லாம் மதுரை என்றால், வீட்டில் இருப்பவள் யாரோடு பேசுவது?

சமையலறைக்கு வந்த கூட்டம்

ஒரு நாள் மாலை. இலங்கை வானொலியைத் தேடி, சமையலறை ரேடியோவில் சிற்றலை முள்ளை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று, பக்கத்து அறையில் பேசுவதுபோல் ஒரு குரல்.

"...காலையிலேர்ந்து இங்கே நல்ல மழை. மொட்டை மாடியில வடகம் காயப் போட்டிருந்தேன், எல்லாம் போச்சு. இப்ப திருச்சி பேசலாம். ஓவர்."

திருச்சி என்றால் எங்கள் வீட்டுக்காரர்! அப்படியானால் வடகம் போட்டவர்தான் மதுரை!

அன்றுமுதல் ரசம் கொதிக்கும் நேரத்தில் என் அடுப்படியிலும் கூட்டம் கூடியது. தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மதுரைப் பெரியவர் ஒருவர். மனைவி போனபின் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். அதே மதுரையில் கல்லூரி முடித்த ஒரு பையன். கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்த ஒருவர். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர். முகம் தெரியாது, குரல் தெரியும். யார் வீட்டுக் குழந்தைக்கு மாந்தம், யாருக்கு மூர் மார்க்கெட்டில் மலிவாக வால்வு கிடைத்தது, யார் வீட்டு ஏரியல் கம்பியில் பட்டம் மாட்டிக்கொண்டது எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் குழந்தைகளுக்கு அந்தப் பெரியவர் 'மதுரைத் தாத்தா' ஆகிவிட்டார்.

வீட்டு ரேடியோவிலேயே அவர்கள் பேச்சு கேட்டதற்குக் காரணம், அவர்கள் 'ஏ.எம்.' என்ற முறையில் பேசியதுதான். நாம் வழக்கமாகக் கேட்ட மத்திய அலை, சிற்றலை நிலையங்களும் ஏ.எம்.தான். ஒரே சீராக ஓர் அலை போய்க்கொண்டிருக்கும். பேசுகிறவர் குரலுக்கு ஏற்றபடி அதன் வலு கூடும், குறையும். குரலைத் தூக்கிக்கொண்டு போவதால் அதற்கு 'சுமக்கும் அலை' என்று பெயர்.

மாலையில் ஏன் இவ்வளவு கூட்டம் என்றால், அதற்கும் காரணம் உண்டு. பகலில் கேட்காத தூரத்து மத்திய அலை நிலையங்கள் இரவானதும் தெளிவாகக் கேட்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். வானத்தில் மின்னேற்றம் பெற்ற படலங்கள் பல இருக்கின்றன. பகல் வெயிலில் உண்டாகும் கீழ்ப்படலம் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் சாய்ந்ததும் அது மறைந்துபோகும். அப்போது அலைகள் மேல்படலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் இறங்கும். ஆபீஸ் விட்டு வரும் நேரமும் அதுவேதானே!

குறுக்கே பேசினால் விசில்தான்!

ஏ.எம். பேச்சில் ஒரு விசேஷம். டெலிபோனில் பேசுவதுபோல் ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடுவில் புக முடியாது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு சுமக்கும் அலைகளும் மோதி 'கீ...' என்று விசில் அடிக்கும். யார் பேசுவதும் விளங்காது. ஆகவே ஒருவர் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லி, அடுத்தவர் பெயரைச் சொல்லி, 'ஓவர்' என்று விட்ட பிறகுதான் அவர் வாய் திறக்கலாம். ஐந்து பேர் கூடினால், ஒருவர் பேச நாலு பேர் கேட்க வேண்டும். வேறு வழியே இல்லை.

நம் வீட்டுப் பேச்சை நினைத்துப் பார்த்தேன். குழந்தை ஒரு வாக்கியம் ஆரம்பிக்கும். பாதியிலேயே "சரி சரி, போய்ப் படி" என்போம். கணவர் ஏதோ சொல்ல வருவார். "அதான் தெரியுமே" என்று முடித்து வைப்போம். அவர்களும் நமக்கு அப்படியே. முழுசாக ஒருவர் சொல்லி, இன்னொருவர் முழுசாகக் கேட்பது வீட்டில் எத்தனை தடவை நடக்கிறது?

இப்படிக் கேட்டுக் கேட்டு என் காது பழகியதால் ஒரு நல்லது நடந்தது.

"மைக் இல்லைங்க, நாக்கு!"

1983-ஆம் வருஷம், மார்கழி மாதம். வழக்கம்போல மதுரைத் தாத்தாவின் முறை வந்தது. "இன்னிக்கு... காலையில..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தினார். மறுபடி தொடர்ந்தார். வார்த்தை வழுக்கிக்கொண்டு போனது. வழக்கமாக மணி அடித்தாற்போல் பேசுகிறவர் அவர்.

மாடியில் எங்கள் வீட்டுக்காரர், "ஓ.எம்., உங்க மைக்குல ஏதோ கோளாறு. கொஞ்சம் பாருங்க, ஓவர்" என்றார். கோயம்புத்தூர்க்காரர், "சிக்னல் மங்குது போல" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"என்னங்க, மைக் இல்லைங்க. அவர் நாக்கு குழறுது! எங்க அப்பாவுக்கு வாதம் வந்தப்போ இப்படித்தான் பேசினார்."

ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, மதுரைப் பையனைக் கூப்பிட்டு, "உடனே அவர் வீட்டுக்குப் போ" என்றார். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். பெரியவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாராம். வலது கை விழுந்துவிட்டது. பொத்தானை மட்டும் இடது கை அழுத்திக்கொண்டே இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஒண்டியாக இருந்த வீட்டுக்குத் தங்கை குடும்பம் வந்து சேர்ந்தது. ஆனால் பேச்சு மட்டும் சரியாக வரவில்லை. நிறையப் பேசிப் பழகச் சொன்னார் டாக்டர். நாலு மாதம் கழித்து ஒரு மாலை, மறுபடி அந்தக் குரல் வந்தது. "தி... திருச்சி..." என்று சொல்வதற்கே அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு வாக்கியத்துக்கு மூன்று நிமிஷம். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, முந்திக்கொண்டு முடித்து வைக்கவில்லை. 'ஓவர்' வரும்வரை நாலு ஊரும் மூச்சுவிடாமல் காத்திருந்தது. இப்படியே தினமும். ஒரு வருஷத்தில் அவர் பழையபடி வடகக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்! வலது கை திரும்பவில்லை. அதனால் என்ன, தந்திச் சாவியை இடது கையால் தட்டப் பழகிக்கொண்டார்.

சகோதரிகளே, இதை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். 'தூங்கி எழுந்தால் சரியாகும்' என்று விடாதீர்கள். கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள், புரை ஏறும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இன்று இருக்கிறது. பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ரேடியோவில் வாத்துகள்

சில வருஷங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் புது மாதிரிக் கருவிகள் வந்தன. 'எஸ்.எஸ்.பி.' என்று ஒரு முறை. அவர்களுக்குப் பரம சந்தோஷம். எனக்கோ, ஆறரை மணிக்கு ரேடியோவைத் திருப்பினால் 'க்வாக் க்வாக்' என்று வாத்துக் கூட்டம் கத்துவதுபோல் கேட்டது! ஒரு வார்த்தை புரியவில்லை.

"ஏன் இப்படி?" என்று கேட்டேன். எனக்குப் புரியும்படி ஓர் உதாரணம் சொன்னார். "கடையிலேர்ந்து சாமானைக் கூடையோட அனுப்பறது ஏ.எம். யார் வீட்டிலயும் அப்படியே இறக்கி வச்சுக்கலாம். ஆனா தூக்கற பலத்துல முக்காலே மூணு வீசம் கூடைக்கே போயிடுது. எஸ்.எஸ்.பி.ன்னா கூடை இல்லாம சாமான் மட்டும். வாங்கறவங்க வீட்டுல கூடை தயாரா இருக்கணும். நம்ம அடுப்படி ரேடியோவுல அந்தக் கூடை இல்லை."

அவர் சொன்ன கணக்கு கொஞ்சம் மிகை. ஏ.எம்.மில் முழு அளவில் பேசினாலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சக்தி சுமக்கும் அலைக்கே போகிறது. எஸ்.எஸ்.பி.யில் அந்தச் செலவு இல்லை. வானில் பாதி இடம் போதும். கெட்டிக்கார முறைதான். உலகம் முழுவதும் பெரும்பாலான ஹாம்கள் அதற்கு மாறியதில் தப்பில்லை.

ஆனால் திருச்சியிலும் மதுரையிலும் கோவையிலும் அடுப்படிகள் ஊமையாகிவிட்டனவே! நான் முறையிட்டேன். கோயம்புத்தூர் வீட்டம்மாவும் முறையிட்டாராம். மதுரைத் தாத்தாவின் தங்கையும்தான். கடைசியில் தீர்ப்பு வந்தது. மற்ற நாட்களில் எப்படியோ, ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் பழைய வால்வுப் பெட்டி. ஏ.எம்.தான்!

நாங்கள் மட்டும் பைத்தியம் இல்லை. அமெரிக்காவில் மாலை வேளைகளில் 3885 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி இன்றும் ஏ.எம். பிரியர்கள் கூடுகிறார்கள். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்திய பெட்டிகளைத் தூசி தட்டி, வால்வு மாற்றிப் பேசுகிறார்கள். வானொலி நிலையங்கள் கழித்துப் போட்ட பெரிய ஒலிபரப்புக் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பழுது பார்த்து வைத்திருப்பவர்களும் உண்டு. கேட்டால், "மனுஷன் குரல் மனுஷன் குரலாவே இருக்கு" என்பதுதான் பதில். குளிர்காலத்து நீண்ட இரவில், தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு அது பெரிய துணை.

நாமும் பேசலாம்

லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாது. பத்து வருஷத்துக்கு மேல் நான் வெறும் காதாகவே இருந்தேன். பிறகுதான் எனக்கும் ரோஷம் வந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனபின் பாடம் படித்தேன். தாளிக்கும்போது கரண்டியால் பாத்திரத்தில் 'டா-டி-டா-டி, டா-டா-டி-டா' என்று மோர்ஸ் தந்தி தட்டினேன். "குக்கர் விசிலும் தந்தியா?" என்று மாமியார் கேலி செய்தார். ஆனால் பரீட்சை அன்று பேரனையும் பேத்தியையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

லைசென்ஸ் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. என் பெயரைச் சொல்லி, "ஓவர்" என்றேன். மதுரைத் தாத்தா மெதுவாகச் சொன்னார்:

"அம்மா... உன் காது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்."

இந்த வழியில் நமக்கு முன்னாலேயே பெண்கள் நடந்திருக்கிறார்கள். 1939-இல் அமெரிக்காவில் எதெல் ஸ்மித் என்பவரின் முயற்சியில் பெண் ஹாம்களுக்கென்றே ஒரு சங்கம் உருவானது. பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொள்ளும் '33' என்ற வாழ்த்து எண் அவர்கள் கொடுத்தது. நம் நாட்டில் பாரதி பிரசாத் 2004 டிசம்பரில் ஒரு ஹாம் குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். உலகத்து ஹாம்களோடு பேசத்தான் போனார். டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கித் தொலைபேசிகள் செத்துப்போனபோது, போர்ட் பிளேரிலிருந்து அவரும் குழுவினரும் நாள்கணக்கில் செய்திகளை எடுத்துச் சொன்னார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்த குடும்பங்களுக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்!

இன்று நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர்கள் இந்தப் பரீட்சை எழுதலாம். முதல் படி லைசென்ஸுக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை ரேடியோ பாடமும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். பத்தாவது படிக்கும் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் சேர்ந்து படிக்க நல்ல பாடம்!

வீட்டில் ரேடியோ அறை இருந்தால்...

* பழைய வால்வுப் பெட்டிகளில் பல நூறு வோல்ட் இருக்கும். ஸ்விட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடி திறந்த பெட்டியை விட்டு நகரக்கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அறைக்குப் பூட்டு கட்டாயம்.

* ஏரியல் கம்பி மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. கழற்றும்போதும் கட்டும்போதும் தவறி விழுந்தால்கூட அதன்மேல் படாத தூரம் வேண்டும்.

* இடி மின்னல் வருமுன்பே ஏரியலைக் கழற்றிவிடுங்கள். வந்த பிறகு தொடாதீர்கள்.

* பற்றவைக்கும் ஈயக் கம்பி குழந்தைகள் கையில் கிடைக்கக்கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்கலாம். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். புகை போக ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எங்கள் வீட்டு 'ஓவர்'

மதுரைத் தாத்தா 1991-இல் காலமானார். ஹாம் ஒருவர் மறைந்தால் 'சைலன்ட் கீ' என்பார்கள். ஓய்ந்த தந்திச் சாவி என்று பொருள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முறை வந்தபோது, மூன்று நிமிஷம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல ஆகும் நேரம் அது.

குழந்தைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அன்று ஏற்பட்ட ஒரு பழக்கம் இன்றும் இருக்கிறது. விடுமுறைக்கு வந்த பேத்தி, போன வாரம் சாப்பிடும்போது தன் தோழியோடு நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். நீளமான கதை. எனக்கு நடுவில் ஒரு புத்திமதி சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"பாட்டி, நான் இன்னும் ஓவர் சொல்லல்லே!"

வாயை மூடிக்கொண்டேன். கதையின் கடைசியில்தான், சண்டையில் தப்பு தன்மேல் என்று அவளே சொன்னாள். நான் முந்தியிருந்தால் அதை அவள் சொல்லியிருக்கவே மாட்டாள்.

ரேடியோ வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். இன்று மாலை உங்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது, அவர் 'ஓவர்' சொல்லும்வரை காத்திருந்து பாருங்களேன்.

உங்கள் எல்லோருக்கும் 33!